300 கோடி எழுத்தில் இனத்தின் பங்கு

தாய் தந்த டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்து. தந்தை தந்ததிலும் ஏறக்குறைய அதே அளவு. மனிதனின் இந்த ஏட்டை முதன்முதலாகப் படித்து முடிக்க 1990 முதல் 2003 வரை 13 ஆண்டுகள் ஆயின. செலவு சுமார் 270 கோடி டாலர், அதாவது எழுத்துக்கு ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவு. அப்போதும் 8 சதவீதம் படிக்கப்படாமல் நின்றது. அது 2022இல்தான் நிறைவேறியது. இன்று ஒருவரின் ஏடு முழுவதையும் ஆயிரம் டாலருக்குள் படித்துவிடலாம். விலை இப்படி விழுந்த பிறகு, இனம் என்ற பழைய நம்பிக்கையை ஊகத்தை விட்டு எண்ணியே பார்க்க முடிகிறது.

எண்ணும் வேலையை 1972இலேயே தொடங்கிவிட்டார் அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின். ரத்தப் பிரிவுகள், ரத்தப் புரதங்கள் என்று 17 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, அன்றைய வழக்கப்படி உலக மக்களை 7 இனங்களாகப் பிரித்தார். மனிதருக்குள் இருக்கும் வேறுபாடு மொத்தத்தையும் 100 என்று வைத்தால், 85.4 பங்கு ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே கிடந்தது. ஒரே இனம் எனப்பட்டதற்குள் கூட்டத்துக்குக் கூட்டம் இருந்த வேறுபாடு 8.3. இனத்துக்கும் இனத்துக்கும் இடையே மிஞ்சியது 6.3. முப்பது ஆண்டு கழித்து, 52 கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரின் 377 மரபுக் குறிகளை நோவா ரோசன்பெர்க் குழு அலசியது. உள்வேறுபாடு 93 முதல் 95 சதவீதம் வந்தது. கண்டத்துக்குக் கண்டம் வெறும் 3 முதல் 5.

அந்த 3 முதல் 5 சதவீதத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஒவ்வொரு குறியும் தனித்தனியே பெரிதாக எதையும் சொல்லாவிட்டாலும், நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று சொல்லிவிட முடியும். 2003இல் புள்ளியியலாளர் ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ் இதைச் சுட்டிக்காட்டினார், அது சரியே. ஆனால் ரோசன்பெர்க் குழுவின் கணினி என்ன செய்தது என்று பாருங்கள். 5 தொகுதியாகப் பிரிக்கச் சொன்னபோது ஐரோப்பியரும் மேற்காசியரும் பாகிஸ்தானியரும் ஒரே தொகுதியில் விழுந்தார்கள். 6 என்று கேட்டபோது ஆறாவதாக வந்து நின்றவர்கள், பாகிஸ்தானின் சித்ரால் மலைப்பகுதியில் சில ஆயிரம் பேரே வாழும் கலாஷ் மக்கள்! எத்தனை இனம் என்ற எண்ணை ஆய்வாளர்தான் கணினிக்குக் கொடுத்தார்.

2015இல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 கூட்டங்களிலிருந்து 2,504 பேர். பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழரும் அதில் ஒரு கூட்டம். ஒப்பிட வைத்திருந்த மாதிரி ஏட்டிலிருந்து ஒவ்வொருவரும் 41 லட்சம் முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபட்டார்கள். மிக அதிகம் வேறுபட்டவர்கள் ஆப்பிரிக்க வழியினர். வெளியே இருக்கும் நாமெல்லாம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய ஒரு சிறு கூட்டத்தின் பிள்ளைகள். அங்கிருந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் முன்னோர் கொண்டுவந்தார்கள். கறுப்பர் என்று ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்ட மக்களிடம்தான் உலகிலேயே அதிக வகை இருக்கிறது.

தோல் நிறத்தின் கணக்கு இதைவிடச் சிறியது. எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையிலான நிற வேறுபாட்டில் 25 முதல் 38 சதவீதம் அதனால் விளைவது என்று 2005இல் மதிப்பிட்டார்கள். அதே எழுத்து தென்னிந்தியரிடமும் உண்டு. ஆப்பிரிக்கர் நோய் என்று எழுதப்பட்ட அரிவாள் செல் ரத்தசோகைக்குக் காரணமான மரபு மாற்றமும் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. மலேரியா வாட்டிய இடங்களில் அந்த மாற்றத்தின் ஒற்றைப் பிரதி உயிரைக் காத்தது, அதனால் தங்கிவிட்டது.

நம் கணக்குக்கு வருவோம். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழு 2009இல் 25 இந்தியக் கூட்டங்களின் 132 பேரை ஆராய்ந்தது. வடக்கு, தெற்கு என்று இரண்டு தொல்குடிகளின் கலப்பு துணைக்கண்டமெங்கும் தெரிந்தது. வடக்குத் தொல்குடியின் பங்கு 39 முதல் 71 சதவீதம் வரை. அளவுதான் கூடிக் குறைந்தது. 2013 ஆய்வு, இந்தக் கலப்பு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றது. பிறகு கதவு சாத்தப்பட்டது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சொந்தச் சாதிக்குள் என்று ஆயிற்று.

அதன் விலை 2017 ஆய்வில் இருக்கிறது. தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட கூட்டங்களைப் பார்த்ததில் 81 கூட்டங்கள், அரிய மரபு நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்தியரையும் அஷ்கெனாசி யூதரையும்விடக் குறுகிய வழியில் வந்தவை. அவற்றில் 14 கூட்டங்களின் மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல். ஆள் லட்சக்கணக்கில், மூதாதையரோ கொஞ்சம் பேர். ஆந்திர வைசியரிடம் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசி, மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளியும். இந்தக் குறைபாடு உள்ளவருக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் அசையாது. முன்கூட்டித் தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார். சாதி ரத்தத்திலிருந்து வந்ததல்ல. சாதிக்குள்ளேயே நடந்த கல்யாணம்தான் ரத்தத்தில் இப்படி எழுதிவைத்தது.

இதைச் சரிசெய்ய நம்மிடம் தரவு போதாது. 2016 கணக்குப்படி, நோய்க்கான மரபணுக்களைத் தேடிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வழியினர். இந்தியாவின் ஜீனோம் இந்தியா திட்டம் 83 கூட்டங்களிலிருந்து சுமார் 10,000 பேரைப் படித்திருக்கிறது. நாட்டில் உள்ள சமூகங்களோ 4,600க்கும் மேல். அமெரிக்காவிலும் கனடாவிலும் யூதர்களிடையே 1970களில் தொடங்கிய, டே-சாக்ஸ் என்ற மரபு நோய்க்கான பரிசோதனை, அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. அத்தகைய பரிசோதனையை அரசு மருத்துவமனைகள் இங்கேயும் இலவசமாகத் தர வேண்டும். ஜாதகத்தோடு பெண் பார்க்கக் கிளம்பும் பெற்றோர், அதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரையும் பார்த்துவிடுங்கள்.