மல்லிகைக்கு விமானத்தில் ஒரு மணி, தரையில் எத்தனை மணி?

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோ மீட்டர். சாலை வழியே போனால் 450-க்கு மேல் ஆகும். மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும் விசிறி விமானம் இந்தத் தூரத்தை 50 நிமிடத்தில் கடந்துவிட வேண்டும். ஆனால் ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, இறங்க முறை பார்ப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரமாகிவிடுகிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் பெரிய ஜெட் விமானம் வந்தாலும் மிச்சமாவது சில நிமிடங்களே.

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்கு இந்த ஒன்றேகால் மணி ஒரு பொருட்டல்ல. விடியுமுன் பறித்த மொட்டு அன்று மாலையே விரியத் தொடங்கும். விரிந்த பூவுக்கு விலை இல்லை. இரவு பஸ்ஸில் போகும் பூ மறுநாள் காலைதான் சேரும் என்பதால்தான் விமானத்தை நாடுகிறார்கள்.

நண்பகல் 12 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே ஒப்படைக்க வேண்டியிருக்கும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் நகரின் வடக்கே. விமான நிலையமோ தெற்கே. இடையில் நகர நெரிசல். ஆகவே எட்டு மணிக்குள் பூ பெட்டிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் இறங்கிய பின் சரக்கு கைக்கு வர மேலும் நேரம் பிடிக்கும். மொத்தத்தில் செடியிலிருந்து கடைக்கு ஒன்பது, பத்து மணி நேரம். பூ கெடுவது பெரும்பாலும் தரையில் கழியும் நேரத்தில்தான்.

பறித்த மொட்டும் மூச்சுவிடும். சாக்கில் திணித்தால் உள்ளே சூடேறி மொட்டு பழுப்பாகும். நிழலில் மெல்லிய துணியில் பரப்பி, சூடு தணிந்த பிறகே பெட்டியில் இட வேண்டும். எடை கூட்டத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இங்கே தனக்குத்தானே குழி வெட்டுவதாகும். குளிர்ச்சிக்கு வைக்கும் பனிக்கட்டி பூவின் மேல் படலாகாது. தாளில் சுற்றி ஓரமாக வைக்க வேண்டும். கசியும் பெட்டியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கட்டணத்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்கே விமானத்தில் கூலி. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது வழக்கம். 60, 40, 40 அளவுள்ள பெட்டிக்கு 16 கிலோ என்று கணக்காகும். உள்ளே 10 கிலோ பூ இருந்தாலும் கூலி 16 கிலோவுக்கே. தவிர, குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. மூன்று, நான்கு கிலோ பறிப்பவர் தனியே அனுப்புவது கட்டுப்படியாகாது. பக்கத்துத் தோட்டத்தாருடன் சேர்ந்து ஒரே பெட்டியாகப் போட்டால்தான் மிஞ்சும்.

கோடையில் பூ குவிந்து விலை சரியும்போது விமானக் கூலி கொடுப்பது வீண். மார்கழி, தைக் குளிரில் வரத்து குறைந்திருக்கும்போதும், முகூர்த்த நாட்களிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு விமானத்தில் பயணிகளின் மூட்டை நிறைந்தால் சரக்கை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. அதனால், இடம் உறுதியா என்று முதல் நாள் மாலையே சரக்கு முகவரிடம் கேட்டுக்கொண்டு, அதன்பின் பறிப்பு ஆட்களுக்குச் சொல்வது நல்லது.