ஐ ஷேடோ டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சென்னை ரங்கநாதன் தெருவானாலும் உங்கள் ஊர்க் கடைத்தெருவானாலும், ஃபேன்சி ஸ்டோரில் நூறு நூற்றைம்பது ரூபாய்க்கே பல நிறங்கள் கொண்ட ஐ ஷேடோ பேலட் கிடைத்துவிடுகிறது. மலிவாக இருப்பதாலேயே அதைக் கெட்ட பொருள் என்று சொல்லிவிட முடியாது. டால்க், மைக்கா, இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்று விலை உயர்ந்த பேலட்டிலும் அடிப்படைச் சரக்கு பெரும்பாலும் இதுதான். யார் செய்தது என்றே தெரியாத டப்பாதான் என்னைப் பயமுறுத்துகிறது.

கடையில் நிற்கும்போதே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் சொல்கின்றன. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். பிரபல பிராண்டின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அச்சடித்து, பின்பக்கத்தில் விலை ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி வரும் பேலட்டுகளை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். மருந்துக் கடைக்கு உரிமம் வேண்டும். அழகுசாதனப் பொருளை விற்பதற்கு அப்படித் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே லேபிளைப் படிக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

கண்ணிமையின் தோல்தான் நம் உடம்பிலேயே மிக மெல்லியது. நிக்கல், கோபால்ட், குரோமியம் கலந்த நிறமிகள் சிலருக்கு அங்கே அரிப்பையும் வீக்கத்தையும் கொண்டுவரும். ஈயம், ஆர்சனிக் சேர்மங்களை நிறத்துக்காகச் சேர்ப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் உரிமமே இல்லாமல் தயாராகும் சரக்கை யார் சோதித்தார்கள்? டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பூமியில் அடுத்தடுத்துக் கிடைக்கும் கனிமங்கள், அதனால் ஒன்றோடு மற்றது கலந்துவிடலாம். 2019 மார்ச்சில், அமெரிக்காவில் பெரிய கடைகளில் விற்ற ஐ ஷேடோ உள்ளிட்ட சில பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கைவினை வேலைக்கான கிளிட்டரை இமையில் ஒட்டுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தத் துகள் உள்ளே விழுந்தால் கருவிழியைக் கீறிவிடும்.

பள்ளி ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் ஒரே பிரஷ்ஷால் வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐ ஷேடோ போடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் போதும், மற்றவர்களுக்கும் தொற்றிவிடும். பிரஷ்ஷை வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

புதிதாக வாங்கியதை முதல் நாளே கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கம் சிறிது தடவி, ஒரு வாரம் தினமும் அதே இடத்தில் தடவி வாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே தெரிய வேண்டும் என்பதில்லை. சிவப்போ அரிப்போ இல்லையென்றால் இமையில் மெல்லியதாகப் பூசலாம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸைப் போட்டபின் பூசி, கழற்றியபின் கலைக்க வேண்டும்.

எரிச்சல் வந்தால் உடனே கழுவுங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி நீங்களாகவே விட்டுக்கொள்ளாதீர்கள். அது கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கோபத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. ஆனால் அந்த டப்பாதான் உங்கள் சாட்சி. ஒரு கவரில் போட்டு ஒட்டி, பில், வீங்கிய இமையின் படம், மருத்துவர் சீட்டு எல்லாவற்றோடும் சேர்த்து வையுங்கள்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடையில் போர்டு தொங்கலாம், ஆனால் குறைபாடுள்ள பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளம் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடையோ தளமோ அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து வாங்கிய எவரும் அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, உரிய கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். கையெழுத்திட்ட அறிக்கை கிடைக்கும். தமிழ்நாட்டில் இதற்கு மருந்து கட்டுப்பாட்டுத் துறையை அணுக வேண்டும். பொருள் போலி என்று நிரூபணமானால், செய்தவருக்கும் விற்றவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.