ஏரிச் சேற்றுக்குள் ஒரு ஹைட்ரஜன் ஆலை: ஆறு இரும்பு அணுக்கள் செய்யும் வேலை என்ன?

பாகூர் பக்கம் தண்ணீர் கட்டிய நெல்வயலில் காலை வைத்தால் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியின் கரையோரச் சேற்றைக் கிளறினாலும் இதே கதைதான். இப்படிச் சேற்றிலிருந்து வரும் குமிழ்களில் பெரும்பாலும் இருப்பது மீத்தேன். ஆனால், அதற்கு முன்பே அதே சேற்றில் இன்னொரு வாயு பிறந்து, வெளியே வராமலேயே காணாமல் போய்விடுகிறது. அதுதான் ஹைட்ரஜன்.

இதே ஹைட்ரஜனுக்காகத்தான் இப்போது இவ்வளவு பேச்சு. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் கருவிகளில் ஒரு முக்கிய வகைக்கு பிளாட்டினம் வேண்டும். தங்கக் கடையில் விற்கிற சமாச்சாரம் அது! சேற்றில் இருக்கும் பாக்டீரியாவோ அதே வேலையைக் கலப்பையில் இருக்கிற இரும்பை வைத்தே முடித்துவிடுகிறது. எப்படி?

பாக்டீரியாவுக்கு ஹைட்ரஜன் எதற்கு?

நாம் சாப்பிட்டதை உடல் எரிக்கும்போது மிஞ்சும் எலக்ட்ரான்களை, மூச்சில் இழுத்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. ஆனால் சேற்றின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே மட்கும் வைக்கோலையும் இலையையும் தின்னும் சில பாக்டீரியாக்கள், மிஞ்சிய எலக்ட்ரான்களைத் தண்ணீரில் இருக்கும் புரோட்டான்கள் தலையில் கட்டிவிடுகின்றன. இரண்டு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான் சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. சிம்பிளான கணக்கு. பக்கத்தில் காத்திருக்கும் வேறு நுண்ணுயிரிகள் அந்த ஹைட்ரஜனை வாங்கி, கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடும். சாண எரிவாயுக் கலனுக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

இந்த வேலையைச் செய்யும் நொதிக்குப் பெயர் ஹைட்ரஜனேஸ். 1931-இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சனும் லியோனார்ட் ஸ்டிக்லேண்டும் வைத்த பெயர். சர்க்கரை ஆலைக் கழிவு கலந்த ஓர் ஆற்றின் சேறுதான் அவர்களை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

1998-இல் அமெரிக்காவின் ஜான் பீட்டர்ஸ் குழு, மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் ஹைட்ரஜனேஸை எக்ஸ்ரே மூலம் படம் பிடித்தது. பெரிய புரதம்தான். ஆனால் வேலை நடக்கும் மையத்தில் இருப்பவை ஆறே ஆறு இரும்பு அணுக்கள்.

அவற்றில் நான்கு, கந்தகத்தோடு சேர்ந்து சின்னக் கனசதுரமாக நிற்கின்றன. எலக்ட்ரான்களைக் கொண்டுவந்து கொடுப்பது இவற்றின் வேலை. மீதி இரண்டும் ஜோடியாக, ஒரு கந்தகப் பாலத்தால் அந்தக் கனசதுரத்தோடு இணைந்திருக்கின்றன. இரும்பும் கந்தகமும் சேர்ந்தால் கறுப்பு. ஏரிச் சேறு கறுத்திருப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதே கூட்டணிதான்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஜோடி இரும்பைச் சுற்றி மூன்று கார்பன் மோனாக்சைடும் இரண்டு சயனைடும் ஒட்டியிருக்கின்றன. இரண்டுமே நமக்கு ஆளைக் கொல்லும் விஷம். பாக்டீரியாவோ டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இவற்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இவை பிடித்திருப்பதால்தான் சாதாரண இரும்பு, விலை உயர்ந்த உலோகம் மாதிரி நடந்துகொள்கிறது.

இன்னொரு முக்கியமான உறுப்பு, இரண்டு இரும்புக்கும் குறுக்கே வளைந்து நிற்கும் ஒரு கை. அதன் நடுவில் ஒரு நைட்ரஜன் அணு. இது புரோட்டானைப் பிடித்து இரும்பிடம் கொடுக்கும். அது நைட்ரஜன்தானா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. 2013-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இந்த ஜோடி இரும்பை ஆய்வகத்தில் செய்து, காலியான புரதத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் இருந்த வடிவத்தில்தான் நொதிக்கு முழு உயிர் வந்தது. விவாதம் முடிந்தது.

காலி சீட்டில்தான் சிக்கல்

ஜோடியில் வெளிப்பக்கம் இருக்கும் இரும்பில் ஓர் இடம் காலியாக இருக்கும். பஸ்ஸில் ஒரு காலி சீட் மாதிரி. புரோட்டான் வந்து அங்கேதான் உட்காரும். ஹைட்ரஜன் அங்கிருந்துதான் இறங்கும். வேகமான வகைகள் நொடிக்குச் சுமார் 10,000 மூலக்கூறுகள் வரை உருவாக்கும்.

ஆனால் அதே சீட்டில் ஆக்சிஜனும் ஏறி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது, சீட்டையே உடைத்துவிடும். சீட்டை நிரந்தரமாக மூடவும் முடியாது, ஏன்னா வேலை நடப்பதே அங்கேதான். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும்போது இந்த நொதியைச் சேற்றைவிட்டு வெளியே எடுத்து வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம், பாருங்கள்.

வழி இருக்கிறதா?

இயற்கையே ஒரு வழி காட்டியிருக்கிறது. கிளாஸ்ட்ரிடியத்தின் ஓர் இனத்தில், ஆக்சிஜன் வந்தால் புரதத்தின் ஒரு பகுதி நகர்ந்து அந்தக் காலி இடத்தை மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் போனதும் திறந்துகொள்ளும். மூடி போட்ட பாட்டில் மாதிரி. இது எப்படி நடக்கிறது என்பதை 2021-இல் விளக்கினார்கள்.

நொதியைத் தனியே எடுக்காமல் பாக்டீரியாவையே வேலைக்கு வைப்பது இன்னொரு வழி. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணையைத் தாண்டினால் வரும் நெல்லிக்குப்பத்தில், சென்னையின் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் ஆலைக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முன்னோட்ட முயற்சியைச் செய்து காட்டியது. இதில் கையைக் கட்டிப்போடுவது விளைச்சல். ஒரு குளுக்கோஸில் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்க வாய்ப்பிருந்தும், இத்தகைய நொதித்தலில் அதிகபட்சம் நான்குதான். மீதி, அசிடிக் அமிலமாக நின்றுவிடும்.

மூன்றாவது வழி, நொதியைப் பார்த்து அதே மாதிரி இரும்பு மூலக்கூறுகளை வேதியியலர்களே செய்வது. கொல்கத்தா, மும்பை ஆய்வகங்களிலும் இந்த வேலை நடக்கிறது. வேகம், ஆயுள், ஆக்சிஜனைத் தாங்கும் திறன் மூன்றும் ஒரே மூலக்கூறில் சேர வேண்டும்; சவால் அதுதான். சேர்ந்துவிட்டால், பிளாட்டினத்துக்காக யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இரும்புக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை.