முடக்குவாத ஊசிமருந்தும் அதற்குரிய காவலும்

உடலைக் காத்தற்கென அமைந்த ஆற்றல் உடலையே தாக்குதலால் விளையும் பிணிகளுள் முடக்குவாதம் ஒன்று. இந்நோயில் மூட்டுக்களின் உட்சவ்வு அழற்சியுற்று வீங்கித் தடிக்கின்றது. காலப்போக்கில் குருத்தெலும்பையும் என்பையும் அரிக்கின்றது. காலையில் விரல்களை எளிதில் மடக்கவியலாமை இதன் தொடக்கக் குறிகளுள் ஒன்றாகும்.

இவ்வழற்சியைத் தூண்டும் புரதங்களுள் முதன்மையானது கட்டி நசிவுக் காரணி என்பதாம். அதனைத் தடுப்பின் நோய் தணியும் எனக் கருதிய மார்க் ஃபெல்ட்மன், இரவீந்தர் மைனி என்னும் அறிஞர் இருவரும் 1992ஆம் ஆண்டில் இலண்டனில் நோயாளரிடம் சோதித்து வெற்றி கண்டனர். அவ்வழியில் எழுந்த மருந்துகளுள் எட்டனர்செப்ட் 1998இலும், அடலிமுமாப் 2002இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. உயிரணுக்களைக் கொண்டு ஆக்கப்படும் இப்புரதங்களை வாயால் உட்கொள்ளின், உணவைப் போலச் செரித்துவிடும். ஆதலின் ஊசிவழியே ஏற்றப்படுகின்றன.

எனினும், மூட்டை வருத்தும் அக்காரணியே பிறிதோரிடத்திற் காவலும் புரிகின்றது. காசநோய்க் கிருமி நுரையீரலிற் புகுங்கால், காப்பணுக்கள் அதனைச் சூழ்ந்து மதில்போல் திரண்டு அடைத்துவைக்கின்றன. அம்மதில் நிலைபெறுதற்கு இக்காரணி இன்றியமையாதது. அதனைத் தடுத்தவிடத்து, ஆண்டுக்கணக்காக உறங்கிய கிருமி விழித்தெழக்கூடும். ஆகவே முதலூசிக்கு முன்னரே தோற்சோதனை அல்லது குருதிச் சோதனையாலும், மார்பின் எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் காசநோயை ஆராய்தல் வேண்டும். மறைந்துள்ள தொற்றுக் காணப்படின் அதற்கான சிகிச்சையை முதலில் தொடங்குவர். பி வகை ஈரலழற்சியும் இவ்வாறே சோதிக்கப்படும். உயிருள்ள கிருமிகளாலான தடுப்பூசிகள் மருந்தேற்றுங் காலத்தில் விலக்கத்தக்கன.

அடலிமுமாப் பெரியோர்க்கு வழக்கமாக இரு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் அளவில் ஏற்றப்படும். தொடையிலோ வயிற்றிலோ, ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி, தோலின் கீழ் ஏற்றுவர். மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஒளிபடாது பேணுதல் வேண்டும். ஒருமுறை உறைந்த மருந்து உருகிய பின்னும் பயன்படாது. கலங்கியதும் ஆகாது. வெந்நீரிலிட்டுச் சூடாக்குதலுந் தவறு. பயன்படுத்திய ஊசியைத் துளைபடாத கலத்தில் இடுதல் வேண்டும்.

நோவு தணிந்த மகிழ்ச்சியில் காய்ச்சலையும் நெடுநாள் இருமலையும் உடல் மெலிவையும் பொருட்படுத்தாதிருத்தலே பேரிடர். அவை தோன்றின், அடுத்த ஊசிக்கு முன்னர் மருத்துவரை நாடுதல் கடன். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். இப்புது மருந்தும் அந்நான்கும் ஒத்தவழியே நலம் பயக்கும்.