கத்திக்கு முன் கை

புதுச்சேரியின் வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ மீன் விற்கும் பெண்ணுக்குக் காலைப்பொழுதுதான் வருமானம். கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் சீட்டு வாங்க நிற்பதும் காலையில்தான். மார்பில் தட்டுப்படும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் வியாபாரத்தை விட யாருக்கு மனம் வரும்? தோல் இழுத்துச் சுருங்கி, புண்ணான பிறகு வருகிறவர்களை விவரமறியாதவர்கள் என்று சொல்லிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுதான் ஜிப்மர். இன்று விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஏழைகளும் அதை நம்பித்தான் பஸ் ஏறுகிறார்கள். இப்படி வரும் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மார்பக அறுவை மருத்துவரிடம் கத்தியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

முதலில், தொட்டுப் பார்க்கும் கை இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீடு, இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 1,92,000 பேர், இறந்தவர்கள் சுமார் 98,000 பேர் என்கிறது. மேலைநாடுகளைவிட இங்கே ஏறத்தாழப் பத்து வயது முன்னதாகவே நோய் வருகிறது. இளவயது மார்பகத்தில் திசு அடர்த்தி அதிகம். மேமோகிராம் படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஊருக்கு ஒரு மெஷின் வாங்கிவைத்தாலும் பிரச்சினை தீராது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் இந்திரனீல் மித்ராவும் குழுவினரும் 1998இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழைக் குடியிருப்புகளில் வசிக்கும், 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். டாக்டர் இல்லை, படம் இல்லை. 2021இல் வந்த முடிவு: 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடம் குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சுகாதார நிலையங்களிலேயே இந்தப் பரிசோதனை என்று 2016இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. துணை சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு ஒரு தனி அறையும் ஒரு திரையும் இருந்தால் நடக்கக்கூடிய காரியம் இது.

கட்டி பெரிதாகிவிட்டால்? அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இதற்கு ஒரு வழி கண்டது. அவர் மகனான அறுவை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்து முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே கத்தியை எடுத்தார்கள். பெரிய கட்டியோடு வரும் பெண்களே அதிகமாக இருந்த ஊரில் பிறந்த முறை அது.

ஆரம்பத்திலேயே வந்தவருக்கு முழு மார்பையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை 2002இல் வெளியான இரண்டு இருபதாண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் காரைக்காலிலிருந்து வருகிறவர் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் ‘கரண்டு வைக்க’ எங்கே தங்குவார்? அதுவரை வீட்டில் பிள்ளைகளுக்கு யார் சோறு பொங்குவது? மொத்தமாக எடுத்துவிடச் சொல்லி ஊர் திரும்புவதே அவருக்குச் சுலபம். மருத்துவக் குறிப்பில் ‘நோயாளியின் விருப்பம்’ என்று பதிவாவதில் பாதி பஸ் கட்டணம்தான். அதனால் 2020இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வை நான் பெரிதாக நினைக்கிறேன். மூன்று வாரத்தில் 15 தவணையாகத் தரும் கதிர்வீச்சுக்கு, ஒரே வாரத்தில் தரும் ஐந்து தவணை சளைத்ததல்ல என்று அது காட்டியது.

கடைசியாக, ஒரு மரப்பு ஊசி. பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே லிக்னோகெய்ன். அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு அதைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தினால் என்ன ஆகும் என்று டாடா மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு 11 இந்திய மருத்துவமனைகளில் சுமார் 1,600 பெண்களிடம் சோதித்தது. கட்டியைக் கையாளும்போது புற்றணுக்கள் நகர்ந்து பரவுவதை அது தடுக்கக்கூடும் என்பது எண்ணம். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1 சதவீதம். காப்புரிமை காலாவதியான பழைய மருந்து. விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனியும் வராது. இன்னொரு ஆய்வு உறுதிசெய்யட்டும் என்று சிலர் கேட்பது நியாயம்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கீமோ முதலில் வாங்கிக்கொண்டவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பெரிய கட்டியோடு தாமதமாக வரும் பெண்களில் பலர் அந்த வகை. அவர்களுக்கும் இந்த ஊசி பலிக்குமா என்று அடுத்த ஆய்வு அவர்களிடமே கேட்க வேண்டும்.