எவரெஸ்ட்டில் கயிறு யார் கையில்?

2025 செப்டம்பர் 1 முதல் எவரெஸ்ட் ஏறும் அனுமதிக் கட்டணத்தை 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக நேபாள அரசு உயர்த்தியது. வசந்த காலத்தில் தெற்குப் பக்கமாக ஏறுகிறவர்களுக்கான கணக்கு இது. குப்பை அள்ளவும் பாதுகாப்புக்கும் என்கிறார்கள். கஜானாவுக்குள் போன பணம் மலைக்குத் திரும்பினால் சரி.

விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வி 2023-இல் உச்சியைத் தொட்டதிலிருந்து நம் பக்கத்திலும் இந்த ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. உப்பளக் கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதி வந்த ஒரு கடிதம் உட்பட, பலரும் கேட்பது ஒன்றுதான்: அடிவார முகாம்வரை நடந்துபோனால் இந்தப் பணம் கட்ட வேண்டுமா? வேண்டாம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'உடம்புக்கு முடியாவிட்டால் ஹெலிகாப்டர், செலவுக்கு இன்சூரன்ஸ்' என்கிற விளம்பர வரியைத்தான் துருவ வேண்டும்.

நாலாயிரம் மீட்டருக்கு மேல் தலைவலி பலருக்கும் வரும். மேலே ஏறாமல் ஓரிரு நாள் தங்கினால், அல்லது சில நூறு மீட்டர் இறங்கினால், பெரும்பாலும் தணிந்துவிடும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால்தான் உயிராபத்து. அப்போது ஹெலிகாப்டர் அவசியம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பயத்தில் நடக்கிறது வியாபாரம். "இன்றைக்கே இறங்காவிட்டால் பிழைக்க மாட்டீர்கள்" என்கிறார் வழிகாட்டி. நாலு பேர் ஒரே ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். பில் மட்டும் நாலு; ஒவ்வொன்றிலும் முழு ஹெலிகாப்டருக்கான வாடகை. காத்மாண்டு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத் தனி பில். எல்லாவற்றிலும் பயண ஏஜென்சிக்கும் வழிகாட்டிக்கும் கமிஷன். 2018-இல் நேபாள அரசு நடத்திய விசாரணையிலேயே வெளிவந்த சங்கதி இது. சில ஏஜென்சிகள் மலைப் பயணத்தை அடிமாட்டு விலைக்கு விற்க முடிவது எப்படி என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

1961-க்குப் பிறகு நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும், குளிக்கிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்ற பேச்சு இங்கே இன்னும் இருக்கிறது. தங்கச்சி தாலி அவன் பிடியில் அல்லவா! மலையிலோ, கயிற்றை இழுத்தால்தான் பிடித்திருப்பவனுக்குக் காசு.

மற்ற கேள்விகள்:

விமானத்தில் இருந்தே எவரெஸ்ட்டைப் பார்க்கலாமா? காத்மாண்டுவிலிருந்து காலையில் கிளம்பி, சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பலாம். மேகம் மூடினால் பயணம் ரத்து.

எவரெஸ்ட்டைப் பார்க்க ஹெலிகாப்டரில் ஐந்து பேர் ஒன்றாகக் காலாபத்தருக்குப் போகலாமா? காற்று மெலிந்திருப்பதால் அவ்வளவு எடையைத் தூக்காது; வழியில் பெரிசேயில் சிலரை இறக்கிவிட்டு, இரண்டு நடையாகக் கொண்டுபோவார்கள்.

நேபாளம் போக ஆதார் போதுமா? போதாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்.

சங்கு குளித்துப் பழகிய உடம்புக்கு மலை லேசா? இல்லை. கடலுக்குள் அழுத்தம் கூடும், மலையில் குறையும். மூச்சடக்கும் பழக்கம் அங்கே உதவாது, மெதுவாக ஏறுவதுதான் உதவும்.