காதல் நோயா? உடல் நோயா?
நாடி பிடித்துக் கண்டுபிடித்த ரோமாபுரி வைத்தியர்!

ரோமாபுரியில் ஒரு பெரிய வீட்டுப் பெண் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். காய்ச்சல் இல்லை. ஆனால் தூக்கமும் இல்லை. இரவு முழுவதும் புரண்டு புரண்டு படுத்தாள். "என்ன செய்கிறது?" என்று வைத்தியர் கேட்டால், ஒன்றிரண்டு வார்த்தைதான் பதில். பிறகு போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

அந்த வைத்தியரின் பெயர் கேலன். கி.பி. 129-ம் ஆண்டில் பிறந்த கிரேக்கர். ரோமாபுரி சக்கரவர்த்திகளுக்கே வைத்தியம் பார்த்தவர்.

"இவள் மனதில் ஏதோ இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள்" என்று கேலன் நினைத்தார். ஆனால் அது என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாள் அவர் அங்கே இருந்தபோது, நாடகக் கொட்டகையில் இருந்து வந்த ஒருவர், "இன்று பிலாடிஸ் ஆடியதைப் பார்த்தேன்" என்றார். பிலாடிஸ் பேர்பெற்ற கூத்தன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது! கேலன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தாறுமாறாக ஓடியது!

வேறு ஒருவராக இருந்தால், "கண்டுபிடித்துவிட்டேன்" என்று அப்போதே கூவி இருப்பார். கேலன் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் தன் ஆள் ஒருவனை வரச்சொல்லி, "மார்பஸ் ஆடுகிறான்" என்று வேறு கூத்தனின் பெயரைச் சொல்ல வைத்தார். நாடி அசையவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு பெயர். அதற்கும் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் மீண்டும் பிலாடிஸ். நாடி துள்ளியது!

அவள் கல்யாணமானவள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. வாய் மறைத்ததைக் கை சொல்லிவிட்டது.

நாடி துள்ளுவது ஏன்?

பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யுமோ, ஏறக்குறைய அதையேதான் மனதுக்குப் பிடித்தவரைக் கண்டாலும் செய்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் கலக்கிறது. உடனே இருதயம் படபடக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. நாக்கு உலர்கிறது. வயிற்றுக்குப் போகும் இரத்தம் கை கால்களுக்குத் திரும்புகிறது. பிறகு பசி எப்படி எடுக்கும்? அம்மா ஆசையாகச் சுட்ட தோசை தட்டில் ஆறிப்போவதற்குக் காரணம் இதுதான்!

மூளையிலும் மாறுதல் உண்டு. 2005-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், காதல் வயப்பட்ட 17 பேரைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்துக் காதலரின் படத்தைக் காட்டினார்கள். பரிசு கிடைத்தால் மகிழும் மூளைப் பகுதி சுறுசுறுப்படைந்தது. டோப்பமின் என்ற பொருள் அங்கேதான் சுரக்கிறது. சாராயம் குடித்தவனை "இன்னும், இன்னும்" என்று கேட்க வைப்பதும் அதே பொருள்தான். காதலன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்பதில் என்ன ஆச்சரியம்?

தோழி சொன்ன இரகசியம்

இந்த நோயை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். பசலை என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். காதலனைப் பிரிந்த பெண்ணின் மேனி நிறம் மாறும், தோள் மெலியும், கைவளை கழன்று விழும் என்று சங்கப் பாடல்கள் சொல்லுகின்றன. திருக்குறளில் பசலைக்கு என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது.

அந்தப் பாடல்களில் வரும் தாயைப் பாருங்கள். பெண் மெலிகிறாள். தாய் பதறுகிறாள். குறி கேட்கிறாள். முருகன் பிடித்துக்கொண்டான் என்று எண்ணி, வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். ஆட்டுக்குட்டி பலியாகிறது. பெண்ணின் நோய் மட்டும் தீரவில்லை! கடைசியில் தோழிதான் உண்மையை எடுத்துச் சொல்லுகிறாள். கபிலர் எழுதிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் தோழி அப்படிச் சொல்லும் பேச்சுதான். யாரும் பெண்ணை உட்காரவைத்து அன்பாகக் கேட்டிருந்தால் அந்த ஆட்டுக்குட்டி பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இருதயமே உடையுமா?

"இருதயம் வெடித்துவிடும் போல் இருக்கிறது" என்று சினிமாவில் அழுவார்கள். அது முழுப் பொய் அல்ல. பெரும் துக்கம் தாக்கும்போது சிலருக்கு இருதயத்தின் இடது அறை திடீர் என்று பானை போல் உப்பிவிடுகிறது. மாரடைப்பு போலவே நெஞ்சு வலிக்கும். இரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. 1990-ம் ஆண்டில் ஜப்பான் டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஊர் மீனவர்கள் பேய்க்கணவாய் பிடிக்கும் பானையின் பெயர் அது. இந்த நோய் பெரும்பாலும் வருவது இளம் காதலிக்கு அல்ல, வயதான பெண்களுக்கு. வாழ்க்கைத் துணையை இழந்த துக்கத்திலும் வருகிறது. பலருக்குச் சில வாரங்களில் இருதயம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. நெஞ்சு வலித்தால், "துக்கம்தானே" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காதல் என்று நினைத்தார்கள்!

இதற்கு நேர்மாறான தவறும் நடந்தது. ஐரோப்பாவில் பல இளம் பெண்கள் வெளுத்துப்போனார்கள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடத்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. "காதல் காய்ச்சல்" என்றுகூட அதற்கு ஒரு பெயர் இருந்தது. 1554-ம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் யோகான் லாங்கே, இப்படிப்பட்ட பெண்ணின் தந்தைக்கு எழுதிய யோசனை என்ன தெரியுமா? "கல்யாணம் செய்து வை!"

அந்தப் பெண்களில் பலருக்குக் குறைந்திருந்தது இரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து என்று பிற்காலத்து டாக்டர்கள் கருதுகிறார்கள். 17-ம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய டாக்டர் இரும்பு கலந்த மருந்து கொடுத்தார். வெளுத்த முகங்களில் நிறம் வந்தது. அதற்குள் எத்தனை பெண்கள், மூச்சு வாங்கிக்கொண்டே மணமேடை ஏறினார்களோ!

இரத்தசோகை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு அது இருந்தது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் இதே கதைதான். படபடப்பு, வேர்வை, கை நடுக்கம், தூக்கமின்மை, உடல் மெலிவு எல்லாம் வரும். பார்க்கிறவர்கள், "யாரையோ நினைத்து உருகுகிறாள்" என்பார்கள்! இரண்டையும் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை போதும்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பையனோ பெண்ணோ சாப்பிடவில்லை, தூங்கவில்லை, "வாழ்ந்து என்ன பயன்?" என்று பேசுகிறார்கள் என்றால், அது கேலிக்கு உரியது அல்ல. மனநல டாக்டரிடம் அழைத்துப்போகலாம். 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், மத்திய அரசின் மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசுவார்கள். கட்டணம் இல்லை. இரவிலும் எடுப்பார்கள்.